அண்ணன் செட்டில் சேரும் தம்பி

"அண்ணன் பேரு இருக்கு, தம்பிக்கு என்ன கவலை?" எங்க பக்கம் இப்படி ஒரு பேச்சு உண்டு. மேளக்காரர் வீடு, நாடகக்காரர் வீடு, வில்லுப்பாட்டுக்காரர் வீடு, எதுவா இருந்தாலும் மூத்தவன் பேர் வாங்கிட்டான்னா அடுத்தவனைப் பார்த்து ஊரே இதைச் சொல்லிடும். ரோடு போட்டாச்சு, வண்டியை எடுத்து ஓட்டுனா போதும்ங்கிற மாதிரி. பட்டணத்துல இருக்கிறவங்களும் இப்ப இதையே வேற வார்த்தையில சொல்றாங்க. வாரிசுன்னு ஒரு சொல்லைப் போட்டு முடிச்சுடறாங்க.

எனக்கு இதுல உடன்பாடு இல்லை. பேர் வாங்கின குடும்ப செட்டுல கடைசியா வந்து சேருற பிள்ளைக்குத்தான் பாரம் ஜாஸ்தி, பங்கு கம்மி. அவனைச் சேர்க்கிறது தப்புன்னு நான் சொல்ல வரலை. எப்படிச் சேர்க்கணும், எப்ப வெளியே விடணும்னு தெரியாமச் சேர்க்கிறதுதான் தப்பு. இதைப் பத்திக் கொஞ்சம் விரிவா எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சிருந்தேன்.

முதல்ல ஒரு மேள செட்டுக்குள்ள வேலை எப்படிப் பிரியுதுன்னு பார்த்துடலாம். கல்யாண மண்டபத்துல நீங்க பார்க்கிறப்போ எல்லாரும் சேர்ந்து வாசிக்கிற மாதிரித்தான் தெரியும். உள்ளே அப்படி இல்லை. முதல் நாயனம் ஒருத்தர். அவர் பேர்லதான் செட்டு இருக்கும், நோட்டீஸ்ல அவர் படம்தான் வரும். பக்கத்துல ரெண்டாம் நாயனம். முதல் ஆள் மூச்சு எடுக்கிற நேரத்துல சத்தம் அறுந்து போகாமப் பிடிச்சுக்கிறது இவர் வேலை. அப்புறம் தவில் ரெண்டு. நையாண்டி மேளம்னா பம்பை, தமுக்கு இதெல்லாம் சேரும். கடைசியா ஒரு சின்னப் பையன் தாளம் போட்டுக்கிட்டு நிப்பான். அந்தக் காலத்துல இன்னொரு ஆள் ஒத்து ஊதுவார். ஒத்துன்னா ஒரே ஒரு சுரத்தை விடாம ஊதிக்கிட்டே இருக்கிற நாயனம். பாட்டு வராது, சுதி மட்டும்தான். இப்ப அதுக்குப் பதிலா சுதிப்பெட்டி வந்துடுச்சு.

ஒருத்தன் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுறவனை 'ஒத்து ஊதுறான்'னு சொல்றோமே, அந்தப் பேச்சு இங்கிருந்து வந்ததுதான். நாம கேலியாச் சொல்ற வேலையைத்தான் மேளக்காரர் வீட்டுச் சின்னப் பிள்ளைகள் வருஷக்கணக்கா செஞ்சிருக்காங்க. தாளம், ஒத்து, பெட்டி தூக்கறது, தவிலுக்கு வார் இழுத்துக் கொடுக்கிறது, சீவாளியைப் பத்திரமா வச்சுக்கிட்டு அண்ணன் கை நீட்டும்போது எடுத்துக் கொடுக்கிறது. தம்பி சேருறான்னா இந்த வேலையிலதான் சேருவான். அண்ணனோட பேருல பாதியை எழுதி வாங்கிட்டுச் சேர்றதில்லை.

'தில்லானா மோகனாம்பாள்' படம் 1968ல வந்தது. சிவாஜி சிக்கல் சண்முகசுந்தரமா நாயனம் வாசிப்பார். பாலையா தவில். இது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சிவாஜிக்குப் பக்கத்துல இன்னொரு நாயனத்தோட உட்கார்ந்திருக்கிறது யாருன்னு கேளுங்க. பாதிப் பேருக்குத் தெரியாது. ஏ.வி.எம்.ராஜன், கதையில அவர் சண்முகசுந்தரத்தோட தம்பி தங்கரத்தினம். படம் முழுக்க அண்ணன் பக்கத்திலேயே இருப்பார். கோபம், காதல், சபதம் எல்லாம் அண்ணனுக்கு. தம்பிக்கு வாசிக்கிற வேலை மட்டும். திரையில அவங்க ரெண்டு பேருக்கும் உண்மையில வாசிச்சது மதுரையைச் சேர்ந்த சேதுராமன், பொன்னுசாமிங்கிற அண்ணன் தம்பிகள். அவங்க வாசிப்பைக் கண்ணை மூடிக் கேட்டா ரெண்டு ஆளா ஒரு ஆளான்னே சந்தேகம் வரும். அந்த ஒட்டுதல் சும்மா வராது. ஒரே வீட்டுல, ஒரே பாடத்துல, பல வருஷம் சேர்ந்து ஊதி ஊதி வர்றது. தம்பி சேர்றதுல இருக்கிற பெரிய லாபம் அதுதான். வெளி ஆள் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் கூடப் பிறந்தவன் மாதிரி மூச்சு சேர்றது கஷ்டம்.

சரி, படத்தை விடுவோம். எல்லாருக்கும் தெரிஞ்ச நிஜக் கதை ஒண்ணு எங்க தேனி மாவட்டத்திலேயே இருக்கு.

பண்ணைப்புரம். அப்ப மதுரை மாவட்டம். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து ஊர். அந்த ஊர்க்காரர் பாவலர் வரதராஜன். கம்யூனிஸ்ட் கட்சி மேடையில பாடுறவர். ஜனங்களுக்கு ஏற்கெனவே வாயில இருக்கிற சினிமா மெட்டையும் நாட்டுப்புற மெட்டையும் எடுத்து, அதுல கூலி, வறுமை, முதலாளின்னு தன் வார்த்தையைப் போட்டுப் பாடுவார். மெட்டு தெரிஞ்சதுங்கிறதால கேட்டவன் மறுநாள் வேலைக்காட்டுல அதையே பாடுவான். துண்டறிக்கை படிக்கத் தெரியாத ஊர்ல இதைவிட நல்ல பிரசாரம் என்ன இருக்கு?

1958ல மலைக்கு அந்தப் பக்கம் தேவிகுளத்துல ஒரு இடைத்தேர்தல். கேரளத்துல நம்பூதிரிபாட் ஆட்சி வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கம்யூனிஸ்ட் கட்சி சார்பா ரோசம்மா புன்னூஸ் நின்னாங்க. அந்தத் தொகுதியில தேயிலைத் தோட்டங்கள்ல வேலை செஞ்ச ஜனத்துல பெரும்பாலும் நம்ம தமிழ் ஆட்கள். மலையாளத்துல எவ்வளவு பேசினாலும் அவங்க மனசுல ஏறாது. பாவலர் அங்க போய்ப் பாடினார். ரோசம்மா ஜெயிச்சாங்க. அந்த ஜெயிப்புல பாவலர் பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டுன்னு இன்னைக்கும் பழைய தோழர்கள் சொல்லுவாங்க. அவ்வளவு பேர் அவருக்கு.

இந்தச் செட்டுலதான் தம்பி ராசய்யா சேர்றார். அப்ப அவருக்கு 14 வயசு. பின்னாடி உலகத்துக்கே இளையராஜான்னு தெரிஞ்சவர். அவருக்குப் பின்னாடி கடைசித் தம்பி அமர்சிங். நமக்குக் கங்கை அமரன். நடுவுல இன்னொரு அண்ணன் பாஸ்கர். பாவலர் பிரதர்ஸ்னு செட்டுக்குப் பேர். பேரைக் கவனிங்க. பாவலர்ங்கிறது ஒருத்தர். மத்தவங்க எல்லாரும் அந்தப் பேருக்குப் பின்னாடி வர்ற பிரதர்ஸ்.

இன்னைக்கு இதைப் படிக்கிற நமக்கு முடிவு தெரியும். அதனால அந்தச் செட்டுல இளையராஜா இருந்தார்னு நாம சொல்றோம். அந்தக் காலத்துல மைதானத்துல உட்கார்ந்திருந்தவனுக்கு அப்படித் தெரிஞ்சிருக்காது. பாவலர் பாடறார், கூட அவர் தம்பி ஒரு பையன் இருக்கான், அவ்வளவுதான். அந்தப் பையனுக்குக் கிடைச்ச வேலை என்ன தெரியுமா? ஆரம்பத்துல பெண் குரல்ல பாடறது. செட்டுல பொம்பளை ஆள் கிடையாது, பையனுக்குக் குரல் இன்னும் உடையலை. அண்ணனுக்கு என்ன தேவையோ அதுவாத் தம்பி இருக்கணும். மீசை முளைச்சுக் குரல் கட்டையா ஆயிட்டா அந்த வேலையும் போயிடும். வேற ஏதாவது கத்துக்கிட்டாத்தான் செட்டுல இடம்.

அப்படிக் கத்துக்கிறதும் லேசில்லை. அண்ணனோட ஆர்மோனியப் பெட்டியைத் தொட்டதுக்கு அடி வாங்கினதை இளையராஜாவே பல மேடையில சொல்லியிருக்கார். அண்ணன் இல்லாத நேரமாப் பார்த்து எடுத்து வாசிச்சுப் பழகினதையும் சொல்லியிருக்கார். அதே பெட்டியைத்தான் பிற்காலத்துல பொக்கிஷமா வச்சு அதுலயே மெட்டுப் போட்டார். இந்தக் கதையைக் கேட்டுட்டு நிறையப் பேர் 'ஆஹா, அடிதான் ஆளை உருவாக்குது'ன்னு எழுதறாங்க. நான் அதை ஒத்துக்க மாட்டேன். அடிச்சதால அவர் கத்துக்கலை. அடிச்சும் கத்துக்கிட்டார். ரெண்டுக்கும் வித்தியாசம் உண்டு. அடி வாங்கிப் பெட்டியை விட்டுட்டுப் போன தம்பிகள் எத்தனை பேரோ! அவங்க கதையை யாரும் மேடையில சொல்லப் போறதில்லை.

அப்ப அந்தச் செட்டு அவருக்குக் கொடுத்தது என்ன? என் கணக்குல ரெண்டு விஷயம்.

ஒண்ணு, கேட்கிற ஜனம். பத்து வருஷத்துக்குப் பக்கமா தென்னிந்தியா முழுக்க ஊர் ஊராப் போய்ப் பாடியிருக்காங்க. எந்த இடத்துல கூட்டம் அசையுது, எந்த இடத்துல பீடி பத்த வைக்க எழுந்து போகுதுன்னு ஒரு பையன் 14 வயசுல இருந்து கண்ணால பார்த்திருக்கான். இதை எந்தக் காலேஜ்லயும் கத்துத் தர முடியாது. விதையை மண்ணுல போட்டாத்தான் முளைக்குமா இல்லையான்னு தெரியும். காகிதத்துல போட்டா தெரியாது.

ரெண்டாவது, சின்னதா ஒரு வாய்ப்பு. 1964ல நேரு இறந்தப்போ கண்ணதாசன் ஒரு இரங்கல் கவிதை எழுதினார். அதுக்கு மெட்டுப் போட்டது ராசய்யா. அவர் முதல் முதலாப் போட்ட மெட்டுகள்ல அது ஒண்ணு. அண்ணன் செட்டுல இருந்தப்பவே போட்டது. வந்து ஆறேழு வருஷம் கழிச்சுத்தான் இது. அதுவரைக்கும் ஒத்தாசை. ஆனா அந்த ஒரு இடம் கிடைச்சது. பாவலர் பெரிய மனுஷர்னு நான் சொல்றதுக்கு அவரோட மேடைப் பேர் காரணம் இல்லை. தம்பி மெட்டு தன் மேடையில ஏறுறதுக்கு இடம் இருந்ததே, அதுதான் காரணம்.

இதைவிடப் பெரிய விஷயம் 1968ல நடந்தது. தம்பிகள் மெட்ராஸ் கிளம்பினாங்க. பேர் வாங்கின செட்டு ஊர்ல இருக்கு, சோத்துக்கு வழி இருக்கு. அதை விட்டுட்டு ஒரு ஆளையும் தெரியாத பட்டணத்துக்குப் போறதுன்னா வீட்டுல யார் சம்மதிப்பா? அவங்க அம்மா சின்னத்தாய் அம்மாள் வீட்டுல இருந்த ரேடியோவை வித்து, வந்த 400 ரூபாயை அப்படியே பிள்ளைகள் கையில கொடுத்து அனுப்பினாங்க. தனக்குன்னு ஒரு ரூபாய் எடுத்துக்கலை. இதையும் அண்ணன் தம்பி ரெண்டு பேருமே பல தடவை சொல்லியிருக்காங்க. பாட்டுக்காரக் குடும்பத்துல ரேடியோன்னா அது வெறும் சாமான் இல்லை. எங்க வீட்டுல உழவு மாட்டை விக்கிற மாதிரி.

மெட்ராஸ் போன பிறகுதான் மைலாப்பூர் தன்ராஜ் மாஸ்டர்கிட்ட மேற்கத்திய இசை, லண்டன் டிரினிட்டி காலேஜ் கிட்டார் பரீட்சை, ஜி.கே.வெங்கடேஷ்கிட்ட உதவியாளர் வேலை எல்லாம். 1976ல 'அன்னக்கிளி'. அந்த வெற்றியைப் பார்க்கப் பாவலர் இல்லை, அதுக்கு முன்னாடியே போயிட்டார்.

பேர் வச்ச கதையையும் சொல்லணும். ராசய்யாங்கிறது ராஜாவா ஆயிடுச்சு. ஆனா சினிமாவுல ஏற்கெனவே ஏ.எம்.ராஜா இருந்தார். குழப்பம் வரக்கூடாதுன்னு பஞ்சு அருணாசலம் முன்னாடி 'இளைய'ன்னு சேர்த்தார். அண்ணன் செட்டுல இளையவனாப் பத்து வருஷம் இருந்தவருக்குச் சினிமாவுலயும் இளையவன்னே பேர் அமைஞ்சது. அந்தச் சொல் மட்டும் அவரை விடவே இல்லை பாருங்க. 2025 மார்ச்சுல லண்டன்ல சிம்பொனி நடத்தினப்பவும், 81 வயசுல, அவர் 'இளைய'ராஜாதான்.

இப்ப கடைசித் தம்பிக்கு வருவோம். என்னைக் கேட்டா, கங்கை அமரன் கதைதான் இந்த விஷயத்துல ரொம்ப யோசிக்க வேண்டியது. ராசய்யாவுக்கு ஒரு அண்ணன் நிழல். அமருக்கு ரெண்டு. முதல்ல பாவலர் தம்பி, அப்புறம் காலம் முழுக்க இளையராஜா தம்பி. '16 வயதினிலே' படத்துல அவர் எழுதின செந்தூரப் பூவே பாட்டுக்கு எஸ்.ஜானகிக்குத் தேசிய விருது கிடைச்சது. 'வாழ்வே மாயம்' படத்துக்கு இசை அவர். அந்தப் பாட்டுகளை டீக்கடையில போட்டா பத்துல எட்டுப் பேர் இளையராஜா பாட்டுன்னுதான் சொல்லுவாங்க. நானே எத்தனையோ பேரைத் திருத்தியிருக்கேன். 1989ல அவர் எடுத்த 'கரகாட்டக்காரன்' மதுரையில ஒரு வருஷம் தாண்டி ஓடுச்சு. அதுக்கும் 'பாட்டு அண்ணன் போட்டதாச்சே'ன்னுதான் பேச்சு. நல்லா வந்தா அண்ணன் புண்ணியம், சரியா வரலைன்னா தம்பி குறை. பேர் வாங்கின வீட்டுச் சின்னவனுக்கு ஊர் போடுற கணக்கு இது. எப்பவுமே இதுல மிச்சம் வராது.

அதுக்கு அவர் என்ன செஞ்சார்? அண்ணன் போடாத வரப்புல போனார். பாட்டு எழுதினார், படம் எடுத்தார், மேடையில பேசிச் சிரிக்க வச்சார். அண்ணன் இசையமைச்சா தம்பி டைரக்டர். ஒரே ஏர்ல ரெண்டு பேர் மேழி பிடிக்க முடியாதுங்கிற விவரம் தெரிஞ்சவர். பாஸ்கர் இன்னொரு வழி. அவர் படத் தயாரிப்புப் பக்கம் போனார். 1981ல வந்த 'அலைகள் ஓய்வதில்லை' அவர் தயாரிச்சதுதான். கம்பெனி பேர் பாவலர் கிரியேஷன்ஸ். செட்டு கலைஞ்சு எத்தனையோ வருஷம் கழிச்சும் மூத்தவர் பேரை மேல வச்சிருக்காங்க. அந்த அன்பு உண்மை. ஆனா ஆளுக்கு ஒரு வேலைன்னு பிரிச்சுக்கிட்டதாலதான் அந்த அன்பு அவ்வளவு காலம் ஓடுச்சுன்னு நினைக்கிறேன். அண்ணன் தம்பிக்குள்ள பின்னாடி மனஸ்தாபம் வந்ததும் பேசாம இருந்ததும் மறுபடி சேர்ந்ததும் பத்திரிகையில வந்த விஷயம்தான். அது எந்த வீட்டுல இல்லை?

எங்க தொழில்ல ஒரு பாடம் உண்டு. புளிய மரத்துக்கு அடியில ஒரு புல்லு சரியா வராது. தென்னைக்கு அடியில வாழை வைக்கலாம், கோகோ வைக்கலாம், மஞ்சள் கூட வரும். ரெண்டும் உசந்த மரம்தான், ரெண்டும் நிழல் தர்றதுதான். தென்னை நிழல் நகர்ந்துக்கிட்டே இருக்கும், கீத்துக்கு நடுவுல வெயில் இறங்கும். புளி அப்படியே கவிஞ்சு உட்கார்ந்துக்கும். பேர் வாங்கின அண்ணன் புளியா தென்னையாங்கிறதுதான் கேள்வி. தம்பிக்குத் திறமை இருக்கா இல்லையாங்கிறது அதுக்கு அப்புறம்.

இதெல்லாம் பழைய கதைன்னு நினைக்காதீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு நையாண்டி மேள வீட்டுல இந்த வருஷமும் இதே பேச்சுதான் நடந்தது. சுத்துப்பட்டுல நல்ல பேர் உள்ள செட்டு. அண்ணன் நாயனம். தம்பி பிளஸ் டூ முடிச்சிருக்கான், தவில் நல்லா வாசிப்பான். பங்குனி, சித்திரை, வைகாசி மூணு மாசம் கோயில் பொங்கலுக்குத் தேதி கொடுக்க முடியாம அண்ணன் திணர்றார். தம்பி வந்துட்டா வெளி ஆள் தேட வேண்டாம். அம்மாவுக்கு மட்டும் மனசு ஒப்பலை, மேல படிக்கட்டும்னு நினைக்குது. பேச்சுவாக்குல என்கிட்டயும் யோசனை கேட்டாங்க.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "அவனுக்குப் பங்கு எவ்வளவு?"

அண்ணனுக்கு ஆச்சரியம். "என்னண்ணே, வீட்டுப் பையனுக்குப் போய்ப் பங்கா? அவனுக்கு வேணுங்கிறதை நான்தானே வாங்கித் தர்றேன்?"

இங்கதான் எல்லாம் இருக்கு. செட்டுக்குப் பேசுற தொகை வண்டி வாடகை போக ஆள் ஆளுக்குப் பிரியும். நாயனத்துக்கு ஒரு பங்கு, தவிலுக்கு ஒரு பங்கு, தாளத்துக்கு அரைப் பங்குன்னு ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு வழக்கம் இருக்கும். வெளியூர் தவில்காரருக்கு ராத்திரியே எண்ணிக் கொடுத்துடுவாங்க. இல்லைன்னா மறுநாள் வர மாட்டார். வீட்டுத் தவில்காரனுக்கு மட்டும் கணக்கே கிடையாது. வாசிப்பு நல்லா இருக்குன்னு ஜனங்க சட்டையில குத்தி விடுற நோட்டு கூட அண்ணன் பைக்குத்தான் போகும். வேலை அதே வேலை, விரல்ல கூடு மாட்டி ராத்திரி பூரா அடிக்கிற அதே அடி. பாசம்ங்கிற பேர்ல கூலி மறைஞ்சு போகுது.

விவசாயத்துலயும் இதேதான். அண்ணன் பேர்ல பட்டா, தம்பி பத்து வருஷம் காட்டுல உழைப்பான். வேணுங்கிறதை அண்ணன் வாங்கித் தருவார். தம்பிக்குக் கல்யாணம் ஆன மறுவருஷம் பாகப்பிரிவினைப் பேச்சு வரும். அப்பத்தான் 'நீ என்ன செஞ்சே, நான் என்ன செஞ்சேன்'னு கணக்கு கிளம்பும். பத்து வருஷக் கணக்கை ஒரு பஞ்சாயத்துல எப்படித் தீர்க்கிறது? பங்கு உள்ளவனைத்தான் பங்காளின்னு சொல்றோம். அந்தச் சொல்லே இன்னைக்குச் சண்டைக்காரன்ங்கிற மாதிரி ஆகிப்போச்சு. பங்கை அன்னன்னைக்குக் கொடுத்திருந்தா இப்படி ஆகுமா?

அதனால அந்த வீட்டுல நான் சொன்னது மூணு விஷயம். ஒண்ணு, முதல் கச்சேரியில இருந்தே வெளி ஆளுக்கு என்ன பங்கோ அதே பங்கு, பையன் பேர்ல பேங்குல போடணும். ரெண்டு, படிப்பை விடக்கூடாது. ஐப்பசி, மார்கழின்னு மேளத்துக்கு வேலை குறைஞ்ச மாசங்கள் இருக்கு. மாவட்ட அரசு இசைப்பள்ளியில தவிலுக்கே மூணு வருஷப் படிப்பு இருக்கு, இல்லைன்னா வேற படிப்பு. கொரோனா வந்து 2020லயும் 2021லயும் சித்திரைத் திருவிழா எல்லாம் நின்னு போனப்போ ஒரே வீட்டுல எல்லாரும் மேளத்தை நம்பி இருந்தவங்க பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். நாங்க கூட மொத்தக் காட்டுலயும் ஒரே வெள்ளாமை வைக்க மாட்டோம். மூணு, அவன் போறேன்னு சொல்ற அன்னைக்கு விடணும். முகம் சுளிக்காம விடணும். அண்ணனுக்கு முதல் விஷயம் அவ்வளவாப் பிடிக்கலை. ரெண்டு நாள் கழிச்சுச் சரின்னுட்டார். பையன் இந்தச் சித்திரையில இருந்து வாசிக்கிறான். நல்லா வருவான்னுதான் தோணுது. அது அவன் கையில, அவங்க அண்ணன் கையில.

இதுல இன்னொரு பக்கமும் உண்டு, அதைச் சொல்லாம விட்டா நான் நேர்மையா எழுதலைன்னு அர்த்தம். எல்லா மேளமும் ஆசைப்பட்டு அடிக்கிற மேளம் இல்லை. சாவுக்கு அடிக்கணும், கோயிலுக்கு அடிக்கணும், உங்க தாத்தன் அடிச்சான், உங்கப்பன் அடிச்சான், நீயும் வான்னு ஊர் கூப்பிட்டு அடிக்க வச்ச மேளம் உண்டு. அந்த வீட்டு மூத்தவன் நல்லா அடிச்சுப் பேர் வாங்கிட்டாலும், தம்பி 'நான் பறையைத் தொட மாட்டேன், கம்பெனி வேலைக்குப் போறேன்'னு சொன்னா அதைக் கலைக்குத் துரோகம்னு பேச யாருக்கும் யோக்கியதை இல்லை. முக்கியமா மேளம் அடிக்காத சாதியில பொறந்த எங்களுக்கு இல்லவே இல்லை. இப்ப பட்டணத்துல காலேஜ் பிள்ளைகள் ஆசையாப் பறை கத்துக்கிறாங்க. ரொம்ப சந்தோஷம். அவங்க தோள்ல பறை ஏறுறதும் இறங்குறதும் அவங்க இஷ்டம். அந்த இஷ்டம் ஊர்ல இருக்கிற தம்பிக்கும் இருக்கணும். வேண்டாம்னு சொல்ல முடிஞ்சவன் வேணும்னு சொன்னாத்தான் அது கலை. இல்லைன்னா அதுக்குப் பேர் வேற.

பட்டணத்து வாசகர்கள் நிறையப் பேர் எனக்கு எழுதறப்போ 'கிராமியக் கலை அழியுதே, அடுத்த தலைமுறை வர மாட்டேங்குதே'ன்னு வருத்தப்படறீங்க. வருத்தம் நியாயம்தான். ஆனா வீட்டு விசேஷத்துக்கு ஊருக்கு வந்து மேளம் பேசறப்போ நீங்க செய்ய முடிஞ்சது சிலது இருக்கு. பேசின தொகையைப் பேசினபடி, அன்னைக்கே கொடுங்க. 'நம்ம ஊர்க்காரர்தானே, அப்புறம் பார்த்துக்கலாம்'னு இழுக்காதீங்க. நீங்க இழுக்கிற ஒவ்வொரு நாளும் செட்டுல கடைசியா இருக்கிற பையன் பங்குலதான் கை வைக்கும். பந்தி போடறப்போ 'மேளக்காரங்க அப்புறம் சாப்பிடட்டும்'னு கடைசிப் பந்திக்குத் தள்ளாதீங்க. மைக்ல செட்டுப் பேரைச் சொல்றப்போ தவில் யாரு, பம்பை யாரு, தாளம் போடற பையன் யாருன்னு ஒருதடவை கேட்டு அவங்க பேரையும் சொல்லுங்க. அஞ்சு பைசா செலவில்லை. ஊர் முன்னாடி தன் பேரைத் தனியா ஒருதடவை கேட்ட பையன் அடுத்த கச்சேரியில எப்படி வாசிக்கிறான்னு பாருங்க.

தாளம் போடற பையனைப் பார்த்து 'உங்க அண்ணன் மாதிரி வருமா?'ன்னு மட்டும் கேட்காதீங்க. அண்ணன் மாதிரி வர ஏற்கெனவே அண்ணன் இருக்கார்.